ஜெபமணி விட்டுக்கொடுத்த முறை

இன்பநாதன் தேவசகாயம். பிறப்பு: 14 மார்ச் 1971, புணே, போபோடி. தந்தை வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளி, பூர்வீகம் திருநெல்வேலி. படையில் சேர்ந்தது 1990. சேனா பதக்கம் 2000. ஓய்வு 2012. இப்போது ஹிஞ்சேவாடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் காவல் மேற்பார்வையாளர்.

பதக்கத்துக்கான சான்றுரை ஒன்பது வரிகள் கொண்டது. 1999 ஜூலை 6 அன்று, கார்கில் பகுதியின் முகடு ஒன்றில், காயமுற்ற மூன்று வீரர்களைக் குண்டுவீச்சுக்கிடையே ஒருவர்பின் ஒருவராக முதுகில் சுமந்து இறக்கினார் என்று அது கூறுகிறது. அதில் பிழை ஏதுமில்லை. நான்காமவரைப் பற்றி மட்டும் அது பேசவில்லை. அந்த மௌனத்துக்குக் காரணம் தாமே என்கிறார் இன்பநாதன்.

நான்காமவர் ஜெபமணி. போபோடியில் அடுத்த தெருக்காரர், ஒரே படைப்பிரிவு. தொடையில் குண்டு பாய்ந்து, நால்வரில் மிக அருகில் கிடந்தவர் அவரே. இன்பநாதன் முதலில் அவரைத்தான் தூக்கக் குனிந்தார். ஜெபமணி கையைத் தட்டிவிட்டார்.

“நான் கனம்ல. மெஸ் பராத்தா பூரா என் ஒடம்புலதான் இருக்கு. அவனுகள மொதல்ல எடு.”

ஒவ்வொரு முறை ஏறி வந்தபோதும் அதையே சொன்னார். தள்ளிக் கிடந்த மூவருக்கும் அது கேட்கவில்லை. நான்காம் முறை இன்பநாதன் வந்து கையைப் பிடித்த சில நிமிடங்களில் உயிர் பிரிந்தது.

உடலுடன் வீட்டுக்குச் செல்பவர் குடும்பத்தாரிடம் சொல்வதற்கென்று படையில் வழக்கமான ஓர் ஆறுதல் உண்டு: உடனே போய்விட்டார், வலி தெரியவில்லை. எட்டு மாதக் குழந்தை ஹெலினாவுடன் நின்ற ஜெபமணியின் மனைவி ஸ்டெல்லாவிடம் இன்பநாதன் அதைத்தான் சொன்னார். மறுமாதம் அதிகாரி ஒருவர் சாட்சியம் பதிவுசெய்தபோது, மாற்றிச் சொன்னால் ஸ்டெல்லாவின் காதுக்கு எட்டிவிடும் என்று அஞ்சி, அங்கும் அதையே திருப்பிச் சொன்னார். கண்ட சாட்சி இல்லாத வீரத்துக்குப் பதக்கம் இல்லை.

2014இல் உண்மையை முழுவதும் எழுதிப் படைத் தலைமையகத்துக்கு அனுப்பினார். புதிய பரிந்துரைக்கான காலவரம்பு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. இனி சொல்லவேண்டியது ஸ்டெல்லாவிடம் மட்டுமே. அதற்குத் துணிய மேலும் பத்து ஆண்டுகள் ஆயின.

2024 ஜூலை 7, ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்ததும் ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் போய், நடந்ததை வரிசையாகச் சொன்னார். ஸ்டெல்லா அழவில்லை.

“ஹெலினா சின்னதுல கேப்பா, அப்பா அங்க என்ன செஞ்சாங்கன்னு. ஒண்ணும் செய்யறதுக்குள்ள போயிட்டாங்கம்மான்னு சொல்லித்தான் வளத்தேன், அண்ணே.”

இன்பநாதன் மன்னிப்புக் கேட்டார். ஸ்டெல்லா ஒன்றே ஒன்று கேட்டார்.

“எவ்வளவு நேரம் உசிரோட இருந்தாங்க?”

ஐந்து மணி நாற்பது நிமிடம் என்றார் இன்பநாதன்.