உப்பளத்தில் பனிமலை

மரக்காணம், டிசம்பர் 2006

புதுச்சேரிக்குப் போகிற கார்கள் ஊரைத் தாண்டியதும் இந்தச் சோடாக் கடை முன்னால் நிற்கின்றன. எங்கள் வேனும் நிற்கிறது. மழைக்காலம், உப்பளத்தில் வேலை இல்லை. உப்புக் குவியல்களை எல்லாம் பனையோலை போட்டு மூடியிருக்கிறார்கள். கடையை ஒட்டிய ஒன்றை மட்டும் திறந்துவிட்டு, உச்சியில் ஒரு கழி நட்டு, கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் ஓர் அட்டை: 'பனிமலை. போட்டோ ஃப்ரீ.'

சென்னைப் பிள்ளைகள் ஏறிச் சறுக்குகிறார்கள். அப்பாக்கள் கேமராவோடு முட்டி போடுகிறார்கள். கடைக்கார ஸ்டெல்லா அக்கா, மற்ற மாதங்களில் இதே உப்பை வாருகிறவர், நிதானமாக வேடிக்கை பார்க்கிறார்.

"போட்டோவுக்குக் காசு வாங்கலாமே அக்கா?"

"வாங்கினா எவன் ஏறுவான்?"

"பண்டிகைக்கு எல்லாரும் ஆஃபர் போடுறாங்க. நீங்க சோடா விலையக் குறைக்கலையா?"

"விலையக் குறைச்சா தாகம் எடுக்குமா சார்? அங்க பாருங்க."

ஒரு சிறுமி திருட்டுத்தனமாகப் பனியை நக்குகிறாள். முகம் கோணுகிறது. உடனே அண்ணனைக் கூப்பிட்டு, "சூப்பரா இனிக்குதுடா" என்கிறாள். அவனும் நக்குகிறான். கொஞ்ச நேரத்தில் இருவரும் அம்மாவை இழுத்துக்கொண்டு கடைக்கு வருகிறார்கள்.

"சின்னப் பசங்கதான் இதுக்கு ஏமாறும்" என்கிறேன்.

அக்கா ஒரு கோலி சோடாவை உடைத்து என் முன்னால் வைக்கிறார்.

"நான் கேக்கவே இல்லையே."

"மீசையில உப்பு ஒட்டியிருக்குது சார். தொடச்சிட்டுக் குடிங்க."