முன் வரிசையில் ஓர் அம்மா

ஜீப் ஓட்டும் துரை வண்டியில் பாட்டை நிறுத்தவே மாட்டான். போன வாரம் எங்கள் பள்ளிவாசல் ஊர்க் கடைத்தெருவில் என்னைக் கண்டதும் வண்டியை ஓரங்கட்டிப் பாட்டை அணைத்தான். "காதர் சார் தவறிட்டாராம் மாமா. பாலக்காட்டுல நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்களாம்" என்றான். எனக்கு எழுத்து தெரியாது. சாரின் நினைவாக நான் சொல்வதை மகள் எழுதுகிறாள். சாரைத் தெரிந்த நீங்கள் யாரும் அவரைப் பற்றிச் சிரிக்காமல் பேசியதில்லை. நானும் அப்படியே பேசுகிறேன்.

அவர் எங்கள் மாவட்டத்தில் நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தபோது பழக்கம். மூணாறில் பெரிய பாட்டுக் கச்சேரி என்று எஸ்டேட் எஸ்டேட்டாகத் தமிழில் மைக் கட்டிச் சொல்லிப் போனார்கள். டிக்கெட் ஆன்லைனில் மட்டும்தான். என் மனைவி செல்லம்மா தேயிலைக் கொழுந்து கிள்ளிய காலமெல்லாம் அந்தப் பாடகரின் பாட்டைத்தான் முணுமுணுத்தாள். முட்டி தேய்ந்த பிறகு, ஒருமுறையாவது அவரை நேரில் கேட்டுவிட வேண்டும் என்பதே அவள் ஆசை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த எல்லாருக்கும் சேர்த்து, துரையின் உதவியோடு என் போனில் டிக்கெட் வாங்கினோம். சனிக்கிழமை போய் இறங்கினால் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கச்சேரி வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டதாம். தேதி மாறியதை ஆங்கிலத்தில் போனுக்கு அனுப்பினார்களாம். போன் கம்பெனிக்காரன் தினமும் அனுப்புவதுதானே என்று நான் அதை அழித்திருந்தேன்.

டிக்கெட் விற்ற கம்பெனி கையை விரித்தது. புகார் காதர் சாரிடம் போனது. விசாரணையன்று கம்பெனி வக்கீல், "நிபந்தனைகளைப் படிச்சு சம்மதிச்ச பிறகுதான் சார் டிக்கெட்டே வரும்" என்றார்.

"அப்படிங்களா? குமுளில அதே பாடகரோட அடுத்த கச்சேரி இருக்குதல்லங்க, எனக்கு ஒண்ணு வாங்கிக் குடுங்க பாக்கலாம்" என்று சார் தன் போனை நீட்டினார்.

வக்கீல் மளமளவென்று அமுக்கினார். டிக்கெட் வந்துவிட்டது.

"தேதி மாறுனா என்ன பண்ணுவோம்னு அதுல எழுதியிருந்துச்சுங்க?"

வக்கீல் போனை மேலும் கீழும் தள்ளித் தேடினார்.

"பரவால்லீங்க. போன்ல வெரல வெச்சா நாம எல்லாருமே கைநாட்டுதான்."

வக்கீலே சிரித்துவிட்டார். "தமிழ்ல கூவி வித்தீங்க. தேதி மாறுனதயும் தமிழ்லயே கூவியிருக்கோணும்" என்று முடித்த சார், செல்லம்மாவிடம் திரும்பினார். "ஏனுங்கம்மா, பணம் வேணுங்களா, பாட்டு வேணுங்களா?"

"பணத்த வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய சார்? அவரு வாயத் தொறந்து பாடுறதப் பாக்கணும்."

குமுளிக் கச்சேரியில் எங்கள் எல்லாருக்கும் முன் வரிசை, போய்வர வண்டி என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. இனி எந்த மாற்றத்தையும் தமிழிலும் மலையாளத்திலும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றும் சார் உத்தரவு போட்டார். வக்கீல் வாங்கிக் கொடுத்த டிக்கெட்டோடு சாரும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முன்னால் கூப்பிட்டேன். "எஞ் சீட்டு இதுதானுங்க. மாறி உக்காந்தா எம்மேலயே கேஸு போடோணும்" என்றார்.

பாடகர் என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டதும் ஆளுக்கொன்றைக் கத்தினார்கள். செல்லம்மா சொன்னது பக்கத்திலிருந்த எனக்கே கேட்கவில்லை. அப்போது பின்னாலிருந்து காதர் சார் குரல் கொடுத்தார்: "முன் வரிசையில ஒரு அம்மா இருக்காங்க. அவங்க கேக்கறதப் பாடுங்க."

கூட்டம் அடங்கியது. பாடகர் மேடை ஓரத்துக்கு வந்து குனிந்து கேட்டார். அவர் பாட, செல்லம்மா முட்டியை மறந்து எழுந்து நின்று கூடவே பாடினாள்.

அத்தனை சத்தத்துக்கும் மேலே எழுந்த சாரின் அந்தக் குரலைத்தான் நான் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அடுப்படியில் செல்லம்மா அந்தப் பாட்டை எடுத்தால், இப்போதும் நான் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன்.