செத்த கதாநாயகி மூச்சு விட்டாள்

நல்ல படம் எடுத்தவர்களைப் பாராட்ட ஊரில் ஆள் இருக்கிறது. மாலை போடுகிறார்கள், பட்டம் கொடுக்கிறார்கள். மோசமான படம் எடுத்தவர்களை யாரும் நினைப்பதில்லை. நான் நினைக்கிறேன். வீட்டில் யாராவது டி.வி.யைப் போட்டு, அதில் ஒரு பெண் இருமிக்கொண்டே பாடத் தொடங்கினால் போதும், உடனே நினைத்துக்கொள்கிறேன். முகம் தெரியாத அந்த முதலாளிகளும், டைரக்டர்களும், தொப்பையை இறுக்கிக் கட்டிக்கொண்டு காலேஜ் மாணவனாக வந்த அந்தக் கதாநாயகர்களும் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். எனக்கு ஒரு குடும்பம் நிலைத்தது அவர்களால்தான்.

நான் பிறந்தது திருக்கோகர்ணத்தில். எனக்குக் கல்யாணம் ஆனபோது புதுக்கோட்டை சமஸ்தானம் போய் ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. பேச்சில் மட்டும் இன்னும் மகாராஜா ஆண்டுகொண்டிருந்தார். தெருப் பெண்கள் எல்லாம் கூட்டமாக நடந்தே புதுக்கோட்டைக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு, கதையைப் பேசிக்கொண்டே திரும்புவோம். அப்படி வளர்ந்தவளை அன்னவாசலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், கடலையும் கேழ்வரகும் போடுகிற வீட்டில், ஒரு தை மாதம் கட்டிக்கொடுத்தார்கள். வீடு நல்ல வீடு. மாமியார் நல்ல மனுஷி. சோற்றுக்குக் குறைவில்லை. குறை ஒன்றே ஒன்றுதான். என் வீட்டுக்காரர் என்னோடு பேசமாட்டார்.

கோபம் இல்லை, சண்டை இல்லை. பேச்சு இல்லை, அவ்வளவுதான். விடியும் முன்பே மாடுகளைக் கட்டிக் கமலை இறைக்கக் கிணற்றுக்குப் போய்விடுவார். வந்து உட்கார்ந்தால் சோறு வை என்று அர்த்தம். வட்டிலுக்கு மேலே கையைக் காட்டினால் போதும் என்று அர்த்தம். ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் தன் தாயாரிடம் சொல்வார். "ஆத்தா, வேட்டி காஞ்சிருச்சான்னு கேளு." நான் பக்கத்திலேயேதான் நிற்பேன். நானும் மாமியாரைப் பார்த்து, "காஞ்சிருச்சுன்னு சொல்லுங்க அத்தை" என்பேன். பெரியவர்கள் இருக்கிற வீட்டில் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் இப்படி மூன்றாம் ஆளை நடுவில் வைத்துத்தான் பேசிக்கொள்ள வேண்டும் என்பது அந்தப் பக்கத்து மரியாதை. அதில் எனக்கு வருத்தமில்லை. பெரியவர்கள் இல்லாத இடத்திலும் அவர் அந்த மரியாதையைக் கட்டிக் காத்தாரே, அதுதான் தாங்கவில்லை.

டவுன்காரியைப் பிடிக்கவில்லை, வீட்டில் சொன்னார்களே என்று தாலியைக் கட்டிவிட்டார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். புதுப் பெண்ணை ஆடி மாதம் தாய் வீட்டுக்கு அழைத்துப்போவது வழக்கம். என் அப்பாவும் வருவார். அப்படிப் போனால் திரும்பி வரக்கூடாது என்று தீர்மானித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பங்குனியில் அன்னவாசலில் டூரிங் டாக்கீஸ் போட்டார்கள். கீற்றுக் கொட்டகை. உள்ளே மணல்தான் ஆசனம். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்துகொள்ளலாம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவே இடுப்பளவு மண்சுவர். ஊர் ஊராக மாட்டு வண்டியில் தப்பு அடித்துக்கொண்டு வந்து நோட்டீஸ் வீசினார்கள். காதல் ரசம் சொட்டும் சங்கீத சித்திரம் என்று அதில் போட்டிருந்தது. என் மாமியாருக்குப் பாட்டு என்றால் உயிர். மகனைத் துணைக்குக் கூப்பிட்டார். மருமகளை வீட்டில் தனியாக விட்டுப் போகலாமா? நானும் கிளம்பினேன்.

அவ்வளவு மோசமான படத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. டவுனில் எத்தனையோ பார்த்தவள் சொல்கிறேன். ஜமீன்தார் மகன் ஒரு பூக்காரியைக் காதலிக்கிறான். மகனைப் பார்த்தால் ஜமீன்தாருக்கு அண்ணன் மாதிரி இருந்தான். கண்டதும் ஒரு பாட்டு, காணாததற்கு ஒரு பாட்டு. அவன் கதவைத் திறந்தால் பாட்டு, சாத்தினால் பாட்டு. கடைசியில் பூக்காரிக்குக் காசநோய். ரத்தமாகக் கக்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, உச்ச ஸ்தாயியில் ஒரு பாட்டைப் பாடி முடித்துச் செத்துப்போனாள். பெண்கள் பக்கம் முழுக்க மூக்கை உறிஞ்சுகிற சத்தம். மாமியார் முந்தானையை நனைத்துவிட்டார். நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்தவளுடைய வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி நடந்தோம். அரிக்கேன் விளக்கோடு அவர் முன்னால், மாமியார் நடுவில், நான் பின்னால். சரளை ரோட்டில் காலடிச் சத்தத்தைத் தவிர வேறு பேச்சில்லை. ஊர் எல்லை வரும்போது அவர் திரும்பாமலே கேட்டார்.

"ஏ ஆத்தா, அந்தப் புள்ளைக்கு என்ன நோவு?"

"நெஞ்சுலடா. பாவி மக, கொடங் கொடமா ரத்தங் கக்கிப் போயிட்டா."

"நெஞ்சு நோவுக்காரிக்குப் பாடுறதுக்கு அம்புட்டு மூச்சு எங்கிட்டிருந்து வந்துச்சு?"

எனக்குள் இத்தனை நாள் அடைத்துக் கிடந்தது சட்டென்று வாய்க்கு வந்துவிட்டது. "செத்தப்புறமும் மூச்சு விட்டுக்கிட்டுத்தான் கெடந்துச்சுன்னு சொல்லுங்க அத்தை."

அவர் நின்றுவிட்டார். விளக்கைத் தூக்கி மாமியார் தோளுக்கு மேலே என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், வயல் காவலுக்கு இருந்த நாய்கள் எல்லாம் குரைக்க ஆரம்பித்துவிட்டன. நானும் சிரித்தேன். நடுவில் நின்ற மாமியாருக்கு வந்ததே கோபம்!

"ஒரு பொம்பளை செத்துக் கெடக்கா, ஒங்க ரெண்டு பேருக்கும் சிரிப்பு வருதா? கல்லு நெஞ்சுக்காரங்களா!"

அதற்குப் பிறகு படம் மாறும்போதெல்லாம் போனோம். கொட்டகைக்காரர் நல்ல படமாகக் கொண்டுவந்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கும். அவர் என்னைக் கைவிடவில்லை. ஒரு படத்தில் ஆப்பரேட்டர் ரீலை முன்பின்னாக மாட்டிவிட்டார். ஆற்றில் விழுந்து செத்த கதாநாயகி அடுத்த ரீலில் காதலனோடு ஊஞ்சலாடிப் பாடினாள். ஒருவரும் சத்தம் போடவில்லை. படம் இருந்த இருப்பில் அதுவும் சேர்ந்துகொண்டது. வழியில் அவர், "ஆத்தா, செத்தவ எப்புடி வந்தா?" என்று கேட்டார். "நம்பிக் கும்பிட்டா. சாமி உசுரைத் திருப்பிக் குடுத்துச்சு. படத்தை ஒழுங்காப் பாக்கணும்" என்றார் மாமியார். நாங்கள் இரண்டு பேரும் ரோட்டோரம் உட்கார்ந்து சிரித்துவிட்டு எழுந்தோம். அன்றோடு மாமியார், இந்தக் கழிசடைகளோடு இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த படத்துக்கு நாங்கள் மட்டும் போனோம். நடுவில் ஆள் இல்லை. யாரை வைத்துப் பேசுவது? பாதி வழி சும்மா நடந்தோம். பிறகு அவர், "ஆத்தா இருந்தா ஒண்ணு கேட்டிருப்பேன்" என்றார், காற்றைப் பார்த்து. நான், "அத்தை இருந்தா நானும் ஒண்ணு சொல்லியிருப்பேன்" என்றேன். இப்படியே இல்லாத மாமியாரை நடுவில் நடக்கவிட்டு வீடு வரைக்கும் பேசினோம். வீட்டு வாசலில் கால் வைத்தால் பேச்சு நின்றுவிடும். மறுநாள் பழையபடி வட்டிலுக்கு மேலே கைதான்.

இடையில் ஒரு தடவை நிஜமாகவே நல்ல படம் ஒன்று வந்து தொலைத்தது. பாட்டுக் குறைவு. புருஷனும் பெண்சாதியும் சின்ன விஷயத்துக்குப் பிரிந்து, கடைசி வரை சேராமலே போகிற கதை. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வீடு வந்து சேர்ந்தோம். எனக்கு அன்று நெஞ்சு பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனியில் கொட்டகையைப் பிரித்து வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் பேச்சும் அந்த வண்டியிலேயே ஏறிப் போய்விட்டது. சினிமாவைப் பற்றிப் பேச ஒரு ஆள் வேண்டியிருந்தது, என்னிடம் பேச அவருக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். ஆடிக்கு அப்பா வந்தபோது, என் டிரங்குப் பெட்டியில் என்னுடையது என்று இருந்த அத்தனையையும் அடைத்தேன். கொடியில் கிடந்த கிழிசல் சேலையைக்கூட விடவில்லை. பஸ் வந்ததும் அவர்தான் பெட்டியைத் தூக்கினார். தூக்கியவர் ஒரு நிமிஷம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பஸ் மேலே ஏற்றிவிட்டு இறங்கி, ஒன்றும் சொல்லாமல் தள்ளி நின்றுகொண்டார். பஸ் திரும்புகிற வரைக்கும் அவரைப் பார்த்துக்கொண்டே போனேன். அழுகை வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோகும் இந்த மனுஷனுக்கு?

பெட்டியைத் திறந்த அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கேட்டாள். திரும்பப் போகமாட்டேன் என்று சொன்னேன். அம்மா அப்பாவிடம் மூச்சுவிடவில்லை. என் மனசை மாற்றலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோவுக்குப் புதுக்கோட்டைக்கு அழைத்துப்போனாள்.

காதல் படம். பாட்டுக்குப் பஞ்சமில்லை. முதல் பாட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது நம்ம ஜாதிப் படம் என்று. கதாநாயகன் ஒவ்வொரு தடவை முடியைச் சிலுப்பும்போதும், வழியில் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். யாரிடம் சொல்வது? கடைசியில், ஊர் வழக்கப்படி, கதாநாயகி விஷத்தைக் குடித்துவிட்டுப் பாடிச் செத்தாள். தியேட்டரே கப்சிப். அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் பெரிதாகக் கேட்டது.

"மூச்சு விடுது! வயித்தைப் பாருங்க, ஏறி எறங்குது!"

கூட்டம் பாதி சிரித்தது, பாதி வைதது. "எந்தக் காலிப்பயலோ! செத்தவளைப் பாத்துக் கேலி பண்றான்" என்றாள் அம்மா. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன், எது என்று எனக்கே தெரியவில்லை. வீட்டில் நாலு வார்த்தை சேர்த்துப் பேசாத மனுஷன், அத்தனை ஜனத்துக்கு நடுவில் எனக்காகக் கத்தியிருந்தார்.

வெளியே வந்தால், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலில் செம்மண் காய்ந்து கிடந்தது. விதைப்பு நேரத்தில் வேலையைப் போட்டுவிட்டு அன்னவாசல் பக்கத்திலிருந்து மிதித்து வந்திருக்கிறார். ஆடி மாதம், பெண்ணைப் பார்க்கக் கூடாது. அதனால் அம்மாவிடம்தான் பேசினார்.

"அத்தை, பெட்டி கனமா இருந்துச்சுன்னு சொல்லுங்க. வீட்டுக்குப் போயிக் கொடியைப் பாத்தேன். ஒரு துணிகூட இல்லை."

அம்மா என்னைப் பார்த்தாள். பதில் சொல்ல வேண்டியது நான். எனக்கு வீம்பு வந்துவிட்டது. "எதுவா இருந்தாலும் எங்கிட்டயே சொல்லச் சொல்லும்மா" என்றேன்.

அவர் சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். "டவுன்ல வளந்த புள்ள, நான் வாயைத் தொறந்தாச் சிரிப்பியோன்னு பயமா இருந்துச்சு. படத்தைப் பாத்துச் சேந்து சிரிச்சோமா, பயம் போச்சு. கொட்டகை போனதும் திரும்ப வந்துருச்சு. நேத்தும் இந்தப் படத்துக்கு வந்தேன். இம்புட்டு மோசமான படத்துக்கு நீ வராம இருக்கமாட்டேன்னு நெனச்சேன். ஒன்னைக் காணோம், எனக்குச் சிரிப்பே வரலை. ஆவணி பொறந்ததும் வாரேன். வருவியா?"

பேச்சில்லை பேச்சில்லை என்று ஆறு மாதம் புலம்பியவள் நான். கேட்டபோது என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அம்மா, "மாப்பிள்ளை, கத்துனது நீங்கதானா?" என்றாள்.

அந்தப் படம் அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும்கூட ஓடவில்லை. எடுத்தவருக்குப் பெரிய நஷ்டமாகத்தான் இருந்திருக்கும். அவருக்கு நான் பட்ட கடன் தீராது. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், எத்தனையோ படம் பார்த்தோம். என்னிடம் நேராகப் பேசப் பழகிய மனுஷன் பிறகு வாயை மூடவே இல்லை.

ஆவணியில் சொன்னபடி வந்தார். அப்பா பெட்டியைத் தூக்கப் போனார். அவர் விடவில்லை. தானே தூக்கி, கனம் பார்த்துவிட்டு, நேராக என்னிடம் கேட்டார்.

"எல்லாத்தையும் எடுத்துக்கிட்டியா?"

"ஒண்ணும் விடலை" என்றேன்.