காற்றாட வைத்த பாட்டில்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் கோபப்பட வேண்டிய ஆளிடம் மாதக்கணக்கில் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

படாளம் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனி லேபில் எனக்கு வேலை. எந்திரங்களில் பிடித்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கும் திரவம் அங்கே தயாராகும். அதன் ஆவி எத்தனை டிகிரியில் தீப்பிடிக்கும் என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஃபிளாஷ் பாயிண்ட் என்போம். பித்தளைக் கப்பில் திரவத்தை ஊற்றி, மூடி, மெல்லச் சூடாக்குவேன். ஒவ்வொரு டிகிரிக்கும் மூடியின் சின்னக் கதவைத் திறந்து மிளகளவு சுடரை உள்ளே காட்டுவேன். ஒரு கட்டத்தில் நீலமாகப் பளிச்சென்று எரிந்து அணையும். அது அறுபதுக்கு மேல் இருந்தால்தான் டிரம்களை பேக்கிங் ஷெட்டில் வைக்க விடுவார்கள். ஏனென்றால் அங்கே கேன்களுக்குப் பிளாஸ்டிக் உறை ஒட்டச் சூட்டுக் காற்று மெஷின் நாள் முழுக்க ஓடும்.

டிரம்மிலிருந்து சாம்பிள் எடுத்து வருவது ஸ்டோர் அண்ணன். எங்கள் ஊர்க்காரர். எனக்கும் அக்காவுக்கும் கூடப்பிறந்த ஆண் கிடையாது. அந்தக் குறையே தெரியாமல் பார்த்துக்கொண்டவர். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். மரியாதையாக இன்னும் ‘அவர்’ என்றே எழுதுகிறேன், பழக்கதோஷம். தினமும் காலையில், “இந்தா தங்கச்சி, உன் கையால பாஸ் போடு” என்று பாட்டிலை நீட்டுவார். அறுபத்துநான்கு, அறுபத்தைந்து என்று வரும். என் கைராசி என்று வேறு பீற்றிக்கொள்வேன்.

சூட்டுக் காற்று மெஷினில் முதலில் அவர் மனைவி இருந்தார். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரை ஆபீஸ் பக்கம் மாற்றிவிட்டு, “எடம் காலியா கீது, உங்க அக்காவ வரச் சொல்லு” என்றார். அக்கா சேர்ந்த அன்று இனிப்பு வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, கொழுந்தியாள் கல்யாணத்துக்கு வேண்டிக்கொண்டு மாலை சாத்த அவர் குடும்பத்தோடு திருவிடந்தை பெருமாள் கோயிலுக்குப் போனார். அன்று டிரம்மிலிருந்து சாம்பிளை நானே எடுத்து, உடனே மூடியைத் திருகிக் கொண்டுவந்தேன்.

நாற்பத்தைந்து டிகிரியில் முதல் தடவை சுடரைக் காட்டியதுமே பளிச். முதல் தடவையே பிடித்தால் அது கணக்கில் சேராது. கப்பைக் கழுவி, புதிதாக ஊற்றி, ஐஸில் குளிர வைத்துக் கீழிருந்து ஆரம்பித்தேன். முப்பத்தொன்றில் பிடித்தது. தெர்மாமீட்டரை மாற்றினேன். மறுபடியும் முப்பத்தொன்று. அன்று வெளியே வெயிலே அதைவிட அதிகம்.

நேராக ஸ்டோருக்குப் போனேன். முந்தின நாளே அண்ணன் எடுத்து வைத்த பாட்டில் ஜன்னலோரம் இருந்தது. மூடி பக்கத்தில் கிடந்தது. டேபிள் ஃபேன் அதைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணாத்த டெய்லி இப்டிதான் காத்தாட வெச்சிட்டுப் போவாரு” என்றாள் பெருக்கிக்கொண்டிருந்த பெண்.

விளங்கிவிட்டது. சட்டென்று தீப்பிடிக்கும் சரக்கெல்லாம் ராத்திரியே காற்றில் போய்விடும். மீந்ததுதான் என் கப்புக்கு வரும். அந்தப் பாட்டிலையும் சோதித்தேன். அறுபத்துநான்கு. ஷெட்டுக்கு ஓடி மெஷினை அணைத்து எல்லோரையும் வெளியே அனுப்பினேன். முப்பத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேனேஜர் மேஜையில் வைத்தேன்.

மறுநாள் கோயில் குங்குமத்தோடு அவர் லேபுக்குள் வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

“என்னாண்ட ஒரு வார்த்த கேக்காம இன்னா வேல பண்ணிகீற? எல்லாம் பாஸானா என்னிய பர்மனன்ட் பண்றன்னு மேனேஜர் சொல்லிகினு இருந்தாரு. கெடுத்துட்டியே.”

“பாட்டில எப்பண்ணா தொறந்து வெக்க ஆரம்பிச்ச?”

“கம்பெனி மலிவு சரக்குக்கு மாறினப்போ. மூணு மாசம் ஆவுது. இன்னா இப்ப? ஒண்ணும் ஆவலியே.”

“அண்ணிய எப்போ ஷெட்ட வுட்டு மாத்துன?”

அவர் குங்குமப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். நான் விடவில்லை.

“தூசிக்கா மாத்துன?”

“வூட்ல சின்னக் கொயந்தைங்க கீது தங்கச்சி” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. “அவளுக்கு ஒண்ணு ஆனா யாரு பாப்பாங்க?”

கூட இருந்தே குழி பறிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். குழியை வெட்டி, தன் மனைவியைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் என் அக்காவைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார். நான் அதற்கு இனிப்பு கொடுத்திருக்கிறேன்.

அக்காவுக்கும் இரண்டு குழந்தைகள். அது அவருக்குத் தெரியாததல்ல. சின்னவளுக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் இல்லையே என்று அக்கா கண் கலங்கி நிற்க, “நான் இல்லியா?” என்று முன்னால் வந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது அவர்தான்.