அப்பாவிடம் மிச்சமிருந்த பேச்சு

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த அன்று காலையில் அம்மா அவரிடம் கடைசியாகச் சொன்னது, "வாயை மூடிக்கிட்டு கெடங்க." காப்பியில் சீனி குறைவு என்று ஆரம்பித்த சண்டை. எங்கள் வீட்டில் சண்டைக்குப் பஞ்சமே கிடையாது. அப்பா கொடைக்கானலில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல்காரர். அங்கே பேசாத பேச்சையெல்லாம் வீட்டுக்கு வந்து பேசுவார்.

அன்று மத்தியானம் பள்ளிக்கூடத்து அடுப்படியில் விழுந்தவரை ஜீப்பில் தூக்கிப்போட்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சில வாரம் கழித்துச் செண்பகனூர் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. தண்ணீர் வேண்டுமா என்றாலும், வலிக்கிறதா என்றாலும் "ஆ" ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் ஜெபமாலைக்கு உட்கார்ந்தோம். ஒவ்வொரு ஜெபத்திலும் முன்பாதியை அப்பா சொல்வார், பின்பாதியை நானும் அம்மாவும் சொல்வோம். இனி முன்பாதியை யார் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அப்பாவே ஆரம்பித்துவிட்டார். ஓர் எழுத்து பிசகவில்லை. அம்மாவுக்குப் பின்பாதி வாயில் வரவில்லை. முடிந்ததும், "ஏங்க, கஞ்சி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். "ஆ" என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "பாத்தியா? மாதாகிட்ட பேசுவாராம், எங்கிட்ட பேச மாட்டாராம். வாயை மூடச் சொன்னேன்ல, அந்தக் கோவம்."

நான் ஐந்தாம் வகுப்பு டீச்சர். மூளை, தண்டுவடம், நரம்பு என்று கரும்பலகையில் படம் வரைந்து அம்பு போட்டுப் பெயர் எழுதுகிறவள். அந்தப் படத்தை வைத்து அம்மாவுக்கு ஒரு மண்ணும் விளக்க முடியவில்லை. எரிச்சலில் அவளை ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடமே கூட்டிப் போனேன்.

"கோவமெல்லாம் இல்லம்மா," என்றார் டாக்டரம்மா. "நெனச்சு, வார்த்தையைத் தேடிப் பேசுற எடம் மூளையில கெட்டுப்போச்சு. வருசக்கணக்கா வாய்க்குப் பழகினது அந்த எடத்தை நம்பி இல்ல. அதனால தானா வருது."

அம்மா கேட்டாள்: "இத்தன வருசமா என்னையும்தான பழகியிருக்காரு. அவரு மூளையில நான் எங்கதான் இருக்கேன்?"

டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மலைக் குளிருக்கு அப்பாவின் கால்கள் எந்நேரமும் சில்லிட்டுக் கிடக்கும். தினமும் வெள்ளனே அம்மா வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுப்பாள். முதலில் தன் கையை விட்டுச் சூடு பார்த்துக்கொள்வாள். ஒருநாள் என்னோடு சண்டை போட்ட மும்முரத்தில் அதை மறந்துவிட்டாள். துணி அப்பாவின் நல்ல காலில் பட்டது.

"சனியனே, கண்ணு அவிஞ்சா போச்சு?"

அப்பாதான். அதே பழைய குரல்.

அம்மா துணியும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள். "ஏங்க, இன்னொரு தடவ சொல்லுங்க." அப்பா வாயைத் திறந்தார். நெற்றி நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் வந்தது. "ஆ" என்றார்.

அம்மா எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய், "எங்க வீட்டுக்காரரு என்னைய வஞ்சுட்டாரு," என்று சொல்லி அழுதாள்.

மறுநாள் காலையில் வெந்நீர்ச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். ஆவி பறந்தது. அப்பாவின் நல்ல காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கையை விட்டுப் பார்க்காமல் துணியை நனைத்தாள்.