ஈறு சுரண்ட மறுத்த பல்காரர்

மலாயாவில், டுரியான் துங்கால் கடைத்தெருவில் பல் கட்டும் சீனர் ஒருவர் இருந்தார். ஒல்லி மனிதர். முகம் பார்க்கும் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துத் துடைத்துத்தான் ஆளிடம் நீட்டுவார். கம்யூனிஸ்டுகளைப் பிடிக்க வெள்ளைக்காரன் பட்டாளத்தை இறக்கிய அவசரகாலத்தில் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண்ணுக்கு ஈறு கறுப்பு என்று மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்ததும், நேரே அவரிடம் போனேன்.

"சுரண்டிச் சிவப்பாக்குங்க தவுக்கே," என்றேன். சீனக் கடை முதலாளிகளை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"சுரண்டலாம் தங்கச்சி. ரத்தம் வரும், வலிக்கும். கொஞ்ச நாள்ல மறுபடி கறுப்பு வந்துடும்லா. இது நோய் இல்ல, உன் நிறம். வேற மாப்பிள்ளை பாரு!"

சிரித்துவிட்டேன். வேறு மாப்பிள்ளையும் அமைந்தது.

பிறகொரு நாள் எங்கள் ரப்பர் தோட்டத்துக் கம்பிவேலி வாசலில் சோதனைக்கு நின்றபோது, பட்டாளத்து லாரியில் அவரைச் சந்தேகத்தின்பேரில் ஏற்றி வைத்திருந்தார்கள். என்னைக் கண்டு தலையசைத்தார்.

"தெரிஞ்சவனா?" என்று தமிழ்ப் போலீஸ்காரர் கேட்டார்.

பயந்த பிறவி இல்லை நான். ஆனாலும், "தெரியாது" என்று சத்தமாகச் சொன்னேன். லாரி போய்விட்டது. அந்தக் கடை அப்புறம் திறக்கவேயில்லை.

அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும்.