வடிவமைத்தவர் என்ற கட்டம்

நான் செய்த தவறுகள் இரண்டு. என் எழுத்து அச்சடித்ததுபோல் இருந்தது முதல் தவறு. ஒரு கட்டத்தைக் காலியாக விட்டது இரண்டாவது. மற்றதெல்லாம் அடுத்தவர்கள் செய்தவை. அவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் டிராயிங் செக்‌ஷனில் இருந்தேன். பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்த கையோடு கிடைத்த வேலை. பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ். இன்ஜினியர்கள் பென்சிலால் கிறுக்கிக் கொடுப்பதை டிரேசிங் பேப்பரில் மையால் திருத்தமாக வரைய வேண்டும். பிறகு அதை அம்மோனியா மெஷினில் விட்டு எத்தனை பிரிண்ட் வேண்டுமோ எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு தாளிலும் வலது கீழ் மூலையில் நான்கு கட்டங்கள் இருக்கும்: வடிவமைத்தவர், வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். இரண்டு வருஷத்தில் நான் கையெழுத்துப் போட்டது இரண்டாவது கட்டத்தில் மட்டும்தான். மற்ற மூன்றும் எனக்கு மேலே இருந்தவர்களுடையவை.

பியானோ நான் திருச்சியில் மிஷன் ஆஸ்டலில் தங்கிப் படித்த காலத்தில் கற்றது. ஒன்பது வருஷம். ஐந்து கோடுகளில் எழுதிய மேல்நாட்டு இசையைத் தமிழ் வாசிப்பதுபோல் வாசிப்பேன். ஊருக்குத் திரும்பியபின் வாசிக்க எதுவும் இல்லை. ஆலையின் ஆபீசர்ஸ் கிளப்பில் ஒரு பழைய பியானோ கிடந்தது. எந்தக் காலத்தில் யார் வாங்கிப் போட்டதோ தெரியாது. அதன்மேல் கேரம் போர்டைச் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் ஆபீசர் இல்லை, கிளப்புக்குள் போகக் கூடாது. எங்கள் ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் கிளப் செயலாளரிடம் பேசி, ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கித் தந்தார். அந்த நன்றி இப்போதும் இருக்கிறது. ஆனால் அவருக்கும் இந்த வரிசையில் இடம் உண்டு.

சுண்ணாம்புக்கல் தூசி எல்லாவற்றிலும் புகுந்துவிடும். பியானோவின் வலது பக்கம் ஜன்னல். அதனால் வலக்கோடிக் கட்டைகளில் பாதிக்குமேல் அமுங்கினால் எழுந்திருக்காது. இடது பக்கம் தப்பித்திருந்தது. நான் ஒரு இசையை உருவாக்க ஆரம்பித்தபோது இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொண்டேன். வழக்கமாக மெட்டு வலது கையில் போகும், இடது கை துணை. நான் மாற்றிப் போட்டேன். மெட்டு முழுவதும் இடது கையில், கனமான சுரங்களில். வலது கை, நடுவில் நன்றாக வேலை செய்த மூன்று நான்கு கட்டைகளை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருக்கும். கன்வேயர் பெல்ட் ஓடுவதுபோல அலுக்காமல் ஓடும் அந்தத் தட்டல்மேல் மெட்டு ஏறி நடக்கும்.

எட்டு மாதம் ஆயிற்று. பஸ்ஸில் மடியில் இருந்த டிபன் பாக்ஸின்மேல் விரல் போட்டுப் பார்ப்பேன். இறங்கியதும் கிராஃப் நோட்டில் பென்சிலால் குறிப்பேன். ஞாயிற்றுக்கிழமை வாசித்துப் பார்த்தால் பாதி தப்பாக இருக்கும். மறுபடி பஸ். பக்கத்து சீட்டு அம்மா ஒருநாள், "என்ன பாப்பா, கை நடுங்குது? சோறு திங்கலையா?" என்று கேட்டார். என் கைக்குள் எட்டாவது வரி திரும்பிக்கொண்டிருந்தது. அதை எப்படிச் சொல்ல?

முடிந்ததும், திருச்சியில் கூடப் படித்த தோழி ஒரு பிரதி கேட்டாள். மூன்று டிரேசிங் தாள் சொந்தமாக வாங்கினேன். டீ-ஸ்கொயர் வைத்து ஐந்தைந்து கோடாக இழுத்தேன். சுரப் புள்ளிகளை முட்டைவடிவ டெம்ப்ளேட்டால் போட்டேன். ஹெட் பார்த்துவிட்டு, "டைட்டில் பிளாக் இல்லாத தாளை பிரிண்ட் ரூம்ல தொட மாட்டாங்கம்மா. நாலு கட்டத்தையும் போட்டு ஒரு நம்பர் குடுத்துரு. ஒரிஜினலு பீரோவுலதான் இருக்கணும், அது ரூலு" என்றார். போட்டேன். வரைந்தவர் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். வடிவமைத்தவர் கட்டத்துக்குக் கை போகவில்லை. அடக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வெறும் பழக்கம். மாட்டுக்குத் தன் தொட்டி தெரிவதுபோல என் கைக்கு அந்த ஒரு கட்டம்தான் தெரிந்திருந்தது.

அந்த வருஷம் ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஏ.சி. போட்ட அறை, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். அதற்கென்று மெட்ராஸிலிருந்து ஒரு இளம் இன்ஜினியர் வந்திருந்தார். கெட்டவர் இல்லை. எல்லோரிடமும் மரியாதையாகத்தான் பேசுவார். பிரிண்ட் ரூமில் என் தாளைப் பார்த்துவிட்டு, "மிஸ், இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்திப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். எனக்கும் ஆர்வம்தான். சுரங்களை ஸி, டி, ஈ என்று எழுத்துகளாகத் தட்டினால் அது பீப் பீப் என்று ஒலிக்கும் என்றார். சரி என்றேன்.

ஒரு மாதம் கழித்து இன்னொரு பிரிண்ட் எடுக்க பீரோவைத் திறந்தேன். மூன்று தாளிலும் வடிவமைத்தவர் கட்டத்தில் அவருடைய கையெழுத்து. மையில். என் டிரேசிங்கில்.

நேரே கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன்.

"சார், இந்தக் கட்டத்துல உங்க கையெழுத்து இருக்கு."

"ஆமா மிஸ், காலியா இருந்துச்சே. அடுத்த வாரம் ஹெட் ஆபீஸ்லேர்ந்து கம்ப்யூட்டரைப் பார்க்க வராங்க. இதைத்தான் போட்டுக் காட்டப் போறோம். காலியா வச்சா நல்லாவா இருக்கும்?"

"இதைப் போட்டது நான் சார்."

"உங்க பேரும் இருக்கே! வரைஞ்சது நீங்க, பக்கத்துலயே இருக்கு. யார் மறைச்சாங்க? புரோகிராம் டிசைன் பண்ணது நான்."

"இது புரோகிராம் இல்ல. பியானோ இசை. எட்டு மாசம்."

"மூணு நாள் உட்கார்ந்து டைப் அடிச்சேன் மிஸ் நானும்" என்றார். அவர் முகத்தில் சூது எதுவும் இல்லை. கோபப்படக்கூட முகம் கொடுக்காத ஆள். பிரிண்டர் கக்கியிருந்த நீளத் தாளை எடுத்துக் காட்டினார். எழுத்து எழுத்தாக என் இசை. பார்த்ததும் கேட்டேன்.

"கீழ் வரி எங்க சார்? இடது கை?"

"இது ஒரு நேரத்துல ஒரு சத்தம்தான் போடும். அதான் மேல் வரியை மட்டும் எடுத்துக்கிட்டேன். கீழ இருக்கறது சும்மா துணைக்குத்தானே?"

அங்கேயே சொல்லியிருக்கலாம். மெட்டைக் கீழே போட்டுவிட்டு வெறும் தட்டலை ஏற்றி வைத்திருக்கிறீர்கள் என்று. சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. அத்தனை பேர் முன்னால் அது டொக் டொக் என்று மூன்று நிமிஷம் தட்டட்டும், சபை சிரிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஹெட்டிடம் மட்டும் முறையிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விடும்மா. கல்லு உடைக்கிற கிரஷர் ஹவுஸ் மொத்தமும் நீ வரைஞ்சதுதான். அது ஓடறப்ப உன் பேரையா சொல்றாங்க?"

"அதை நான் யோசிக்கல சார். இது நான் யோசிச்சது."

"ரெண்டும் ஒரே மாதிரி டிரேசிங்கு, ஒரே மாதிரி எழுத்து. பாக்கறவனுக்கு என்னம்மா தெரியும்? கொஞ்சம் கிறுக்கலா எழுதியிருந்தாலாவது நீ யோசிச்சேன்னு நம்புவாங்க."

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் தா.பழூர் பக்கம் ஊரார் வயலில் நடவு நட்டவள். நான் பத்து நிமிஷம் பேசியதை முழுக்கக் கேட்டுவிட்டு, "நெல்லு மூட்டையில நட்டவ பேரு எழுதி எங்கடி பாத்திருக்க?" என்றாள்.

"அப்ப நானும் பேசாம இருக்கணுமா?"

"இருன்னா சொன்னேன்? எழுதலன்னு சொன்னேன். நாங்க கேக்கவும் இல்ல." முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஹெட் ஆபீஸ்காரர்கள் வந்த விழா நாளில் கம்ப்யூட்டர் அறையில் முப்பது பேர் நெருக்கியடித்து நின்றார்கள். வாசலில் செருப்புக் குவியல். இன்ஜினியர் ஒரு பொத்தானை அழுத்தினார். பீப் பீப் பீப் பீப். மூன்று நிமிஷம் அதே நாலு சுரம், மாறி மாறி. நான் சபையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் தலையாட்டினார். ஒருவர் தொடையில் தாளம் போட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் கைதட்டல். மேனேஜர் இன்ஜினியருக்குச் சால்வை போர்த்தினார். பழிவாங்கியதாக நான் நினைத்தது ஒருவருக்கும் எட்டவில்லை. திருடு போனதைவிட அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது. பாதியை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், அதுவும் தப்பான பாதியை வைத்துக்கொண்டு, கைதட்டுகிறார்கள்.

பிறகு கிளப்பில் தேநீர். ஹெட் ஆபீஸ்காரர் ஒருவர் பியானோவைப் பார்த்துவிட்டு, "இதுல அதை வாசிங்களேன்" என்று இன்ஜினியரிடம் கேட்டார். "எனக்கு வராது சார்" என்றார் இவர். ஹெட் என்னைக் கை காட்டினார். உட்கார்ந்து முழுவதையும் வாசித்தேன், இரண்டு கையாலும். ஒரு தப்பும் விழவில்லை.

விருந்தாளி கோப்பையைக் கீழே வைத்தார். "நல்லாத்தாம்மா வாசிக்கறே. ஆனா கம்ப்யூட்டர்ல வந்த டியூன் சரியா வரலையே. இடது கை சத்தம் ரொம்ப மேல ஏறிடுது."

"அதுதான் சார் டியூன். போட்டது நான்."

"அப்படியா? பேப்பர்ல வேற பேரு பார்த்தேனே."

எல்லோரும் இன்ஜினியரைப் பார்த்தார்கள். அவர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். அது உடைந்து உள்ளே விழும்வரை நனைத்தார். பேச்சு ரயில் நேரத்துக்கு மாறிவிட்டது.

திங்கட்கிழமை அவரே என் மேசைக்கு வந்தார். "கோவமா இருக்கீங்கன்னு சொன்னாங்க. வாங்க மிஸ், இப்பவே மாத்திடலாம்." போனேன். திரையில் அவர் பெயர் இருந்த வரிக்குப் போய், எழுத்து எழுத்தாக அழித்தார். அந்த இடத்தில் என் பெயரைத் தட்டினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"பாருங்க. என் பேர் இருந்த தடமே இல்லை. இதுதான் கம்ப்யூட்டர்ல வசதி. இனிமே சண்டை இல்லையே?"

"இடது கை?"

"அதை என்ன பண்றது மிஸ்? மெஷின் அவ்வளவுதான்."

அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பெயருக்குக் கீழே என்னுடையதல்லாத ஒரு தட்டல். ஒரு மாதம் அங்கே வேறொருவர் பெயர் இருந்தது என்று நாளை நானே சொன்னாலும் நம்ப ஆளிருக்காது. அவருக்கு அது வசதி. எனக்கு எதற்கு அந்த வசதி? நடந்தது நடக்காததுபோல் ஆவதற்கா நான் கேட்டேன்? "என் பேரை அதுலேர்ந்து எடுத்துருங்க சார். அது என் இசை இல்ல" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எடுத்துவிட்டார்.

பீரோவிலிருந்து மூன்று டிரேசிங்கையும் எடுத்து வந்தேன். அரை பிளேடால் மேலாகச் சுரண்டினால் கையெழுத்து போய்விடும். அந்த வேலையில் எங்கள் செக்‌ஷனில் என்னை மிஞ்ச ஆளில்லை. சுரண்டவில்லை. அவருடைய கையெழுத்தின் குறுக்கே, அது தெளிவாகத் தெரியும்படி, ஒற்றைக் கோடு இழுத்தேன். அதற்கு மேலே, கட்டத்துக்கு வெளியே பிதுங்கும்படி, என் பெயரையும் தேதியையும் எழுதினேன். டெம்ப்ளேட் இல்லாமல், என் சொந்தக் கோணல் எழுத்தில். மூன்று தாளிலும்.

திருத்திய தாளைப் பிரிண்ட் எடுக்க மறுபடி ஒப்புதல் வேண்டுமே. ஹெட் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது, அசிங்கமா இருக்கு? சுத்தமா சுரண்டிட்டு எழுதக் கூடாதா? எல்லா பிரிண்டுலயும் இது விழுமே."

"விழணும் சார். ஆறு காப்பி."

அவர் தாளை மேசையில் விரித்தார். பிறகு பேனா மூடியைக் கழற்றினார்.